கர்னல் பாராட்டிய கடிதம்

போன மாதம் எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் கூட்டத்தில், லீவில் வந்திருந்த ஓர் இளம் கேப்டன் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "சார், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே. எழுபத்தொண்ணு சண்டையிலயும் இருந்திருக்கீங்க. அதுல மறக்கவே முடியாத இடம் எது சார்?" என்று கேட்டார். ஏதாவது ஆற்றங்கரையையோ பதுங்குகுழியையோ எதிர்பார்த்திருப்பார். "சங்கரன்கோவில் தபாலாபீஸ்" என்றேன். கிழவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக் கேள்வியை உரக்கக் கேட்டார். நானும் பதிலை உரக்கச் சொன்னேன். கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் தறிக்கார வீடு. விசைத்தறிச் சத்தம் கேட்டே வளர்ந்ததால், சத்தம் இல்லாத வேலை எனக்குச் சரிப்படாது என்றுதான் பட்டாளத்துக்குப் போனேன் என்று என் அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். உண்மை வேறு. கல்லூரியில் படிக்கும்போதே இரண்டு பத்திரிகைகளில் என் கதைகள் வந்துவிட்டன. எழுத்தாளனுக்கு அனுபவம் வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அது பட்டாளத்தில் மொத்தமாகக் கிடைக்கும் என்று நம்பி ஆபீசர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினேன், விழுந்தேன், விழுந்ததற்காக மறுபடியும் ஓடினேன். முடிவில் தோளில் நட்சத்திரம் குத்தி ஒரு காலாட்படைப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே போன பிறகுதான் அந்த விதி தெரியவந்தது. பணியில் இருக்கும் ஆபீசர் எதை எழுதி அச்சுக்கு அனுப்பினாலும் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். என் மேலதிகாரி இமயமலை அடிவாரத்துக் கர்னல். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்', 'சீக்கிரம்' ஆகிய இரண்டே வார்த்தைகள். ஆகவே ஒவ்வொரு கதையையும் நான் தமிழில் எழுதி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, டைப் அடித்து, அவர் மேஜையில் வைத்துவிட்டு விறைப்பாக நிற்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர்கள் கதையைத் திருப்பி அனுப்பும்போது நான் விறைப்பாக நிற்கத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று அப்போதுதான் புரிந்தது.

கர்னல் முதலில் பிளேடால் சிவப்புப் பென்சிலைச் சீவுவார். சீவிய தூளை ஊதுவார். பிறகு, "மேப் எங்கே?" என்பார். கதை எந்த ஊரில் நடந்தாலும் அவருக்கு மேப் வேண்டும். என் கதைகள் எல்லாமே சங்கரன்கோவிலில் நடந்ததால், கோவில், ரத வீதிகள், தறிக்காரத் தெருக்கள், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் போட்டு ஒரு மேப் வரைந்து கொடுத்திருந்தேன். அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். எல்லைப் பகுதி மேப்பை எடுத்துவிட்டு எங்கள் ஊரை வைத்திருக்கிறார் என்று மற்ற ஆபீசர்கள் என்னைக் கரித்துக்கொட்டினார்கள்.

ஒரு கதையில், தென்காசி ரயிலில் வரவேண்டிய காதலனுக்காக ஒரு பெண் ஸ்டேஷனில் நின்று அழுவாள். கர்னல் பென்சிலை நிறுத்தினார்.

"இவள் எத்தனை பக்கம் அழுகிறாள்?"

"மூன்று பக்கம், சார்."

"மூன்று பக்கமும் ஒரே இடத்தில் நின்றா? திறந்த வெளியில்? எதிரிக்கு இதைவிட வசதியான இலக்கு கிடைக்குமா? அவளை நகர்த்து."

நகர்த்தினேன். பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அழுதபடியே நடக்க வைத்தேன். அந்தப் பெண்ணின் தவிப்பை நடையிலேயே காட்டிவிட்டீர்கள் என்று வாசகர்கள் பாராட்டிப் பத்திரிகைக்கு எழுதினார்கள். கர்னலிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கதையை அவரே எழுதியிருப்பார்.

வாசித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் சிவப்பில் எழுதுவார்: 'ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. அனுமதிக்கலாம்.' ஆனால் நான் கொஞ்ச காலம் எதுவும் கொடுக்காமல் இருந்தபோது, அணிவகுப்பு முடிந்து போகிற வழியில் என்னை நிறுத்தினார்.

"அந்த ஸ்டேஷன் பெண் பிறகு என்ன ஆனாள்?"

"கதை முடிந்துவிட்டது, சார்."

"உனக்கு முடிந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதற்குச் சமமானது இன்னும் வரவில்லை.

பிறகு சண்டை வந்தது. கிழக்கு எல்லைக்குப் போனோம். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனமில்லை. எங்களோடு போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் காயத்தைப் பற்றி மட்டும் தாராளமாகச் சிரிக்கலாம். நின்றுகொண்டிருந்த லாரியிலிருந்து குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டேன். எதிரிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

பெங்களூரில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். அடுத்த வார்டில் எங்கள் பிரிவு லான்ஸ் நாயக் சுடலைமுத்து இருந்தார். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். அடிபட்டுக் கிடந்த ஒருவனை இழுத்து வரப் போன இடத்தில் குண்டுச் சிதறல்கள் தோளிலும் இரண்டு கைகளிலும் பாய்ந்திருந்தன. கைகள் இரண்டும் பெரிய துணிப் பொட்டலங்களாக இருந்தன. "சார், ஈ உக்காந்தாக்கூட வைய மட்டுந்தான் முடியுது. அடிக்க முடியல" என்றார்.

தன் ஆட்களைப் பார்க்கக் கர்னல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கட்டிலருகே நின்று என் காலைப் பார்த்தார். "கைகள் நன்றாக இருக்கின்றன அல்லவா? எழுத முடியாத ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் இங்கே கிடக்கிறார்கள். நீ எழுத்தாளன். அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுது. மனைவிக்கு எழுதும் கடிதத்தில் கட்டாயம் ஒரு பத்தி அன்பு இருக்க வேண்டும். வீட்டார் மனம் தளரக் கூடாது" என்றார். பட்டாளத்தில் அன்பும் ஓர் உத்தரவாகத்தான் வரும்.

சக்கர நாற்காலியில் சுடலைமுத்துவின் கட்டிலுக்குப் போய்ப் பேனாவைத் திறந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, கட்டளை போல் சொன்னார்: "பருத்தி எடுத்தாச்சான்னு கேளுங்க. வெள்ளாட்ட விக்கக் கூடாதுன்னு எழுதுங்க. ஆட்டுக் கொட்டத்துக்கு ஓலை மாத்தச் சொல்லுங்க. அவ அண்ணன் எடுத்துட்டுப் போன சைக்கிளக் கொண்டாந்து விட்டானான்னு கேளுங்க. விடலன்னா அவன் வீட்டுல போயி உக்காரச் சொல்லுங்க. அம்புட்டுதான்."

"அன்பாக ஏதாவது?" என்றேன்.

"ஆட்டுக்குக் கொழை வெட்டிப் போடச் சொல்லுங்க."

நான் நாற்காலியைத் திருப்பிக் கிளம்ப ஆயத்தமானபோது சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "சார், சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை கேட்டிருங்க" என்றார். சரி என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை என் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். பருத்தி கவிதைக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். வெள்ளாடும் அப்படியே. சைக்கிள் விவகாரம் குடும்பச் சண்டையை வளர்க்கும் என்று நீக்கினேன். 'என் உயிரினும் இனிய வெள்ளத்தாய்க்கு' என்று தொடங்கி, நிலவு, அவள் முகம், பிரிவு, வெற்றி என்று இரண்டு பக்கம் ஓடியது. நடுவே 'நீ சாப்பிட்டாயா?' என்ற அவர் வாக்கியத்தையும் வைத்தேன். அடியில், பழக்கதோஷத்தில், எழுதியவர் என்று என் பெயரையும் ஊரையும் போட்டேன். மறுநாள் கர்னல் கேட்டபோது இங்கிலீஷில் சொன்னேன். கேட்டு முடித்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒன்று எழுதியிருக்கிறாய்" என்றார். அந்தப் பெருமையில் எனக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை.

கால் ஓரளவு தேறியதும் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். வந்த மறுநாள் காலையிலேயே அண்ணன் வந்து எழுப்பினான்.

"ஏலே, வாசல்ல ஒரு பொம்பள நிக்கா. கதை எழுதுத பட்டாளத்துக்காரர் வீடு எதுன்னு மார்க்கெட்ல விசாரிச்சு வந்திருக்கா. நீ அங்கன என்ன பண்ணித் தொலைச்ச?"

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன். அவள் கையில் என் கடிதம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நன்றி சொல்ல இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஐயா, மறைக்காமச் சொல்லுங்க. அவுக என்னைக்குச் செத்தாக?" என்று கேட்டாள்.

"யாரும்மா செத்தது? சுடலைமுத்து உயிரோட இருக்காரு. கையிலதான் காயம். நான் கண்ணால பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"அப்பம் இந்தக் காயிதம்?"

"அவரால எழுத முடியாது. நான் எழுதினேன்."

"நீங்க எழுதுனதுன்னு தெரியும்யா. செத்தவுக பேருல நீங்க எழுதிருக்கீக. மொதல்ல காயம்னு தந்தி வந்துது. பொறவு இது வந்துது. வாத்தியார் வாசிக்க வாசிக்க எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. நிலாங்காக, உயிருங்காக... ஆறு வருசத்துல எங்க வீட்டுக்காரர் ஒருநா இப்படிப் பேசினதில்ல. பருத்தியப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? ஆட்டப் பத்தி இருக்கா?"

"அதையெல்லாம் அவர் சொன்னாரும்மா. நான்தான் விட்டுட்டேன்."

"பருத்திய யாராச்சும் விடுவாகளா?" என்றாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பதில் சொல்ல முடியாது.

அவள் அண்ணன் குறுக்கிட்டான். "காயிதம் மூணு நாள் முந்திதான் வந்துது. அன்னையிலயிருந்து சோறு பொங்கல, திங்கல சார். தண்ணி மட்டும் குடிக்கா. குருவிகுளத்து நர்சம்மா, இப்படியே இருந்தா புள்ளைக்கு ஆவாதுன்னு சத்தம் போடுதாக. யாரு சொல்லியும் கேக்க மாட்டேங்கா."

அப்போதுதான் எனக்கு விளையாட்டெல்லாம் வடிந்தது. அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்தேன். பயந்துபோனேன். லாரியிலிருந்து குதித்துக் காலை முறித்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

அவர் உயிரோடு இருப்பதை நிரூபிக்கத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஜன்னலோரக் கட்டில், ஈயை வைத பேச்சு, கஞ்சியில் உப்பில்லை என்று தகராறு செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "நல்லா இருக்குய்யா. நீங்க கதை எழுதுதவுகன்னு ஊரே சொல்லுச்சு" என்றாள். நான் எவ்வளவு விவரமாகச் சொன்னேனோ அவ்வளவுக்குச் சுடலைமுத்து செத்துக்கொண்டே போனார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே முழு உண்மையை நம்ப ஆள் இல்லை.

கடைசியில் அவளே கடிதத்தை விரித்தாள். எழுத்துத் தெரியாதவள், இடத்தை மட்டும் அடையாளம் வைத்திருந்தாள். "நிலாவெல்லாம் நீங்க போட்டதாவே இருக்கட்டும். இந்த எடத்துல நான் சாப்பிட்டனான்னு கேட்டிருக்காமே. அவுக கேட்டதே கெடையாது. தட்ட வச்சா திம்பாக, எந்திரிச்சுப் போவாக. இதையும் நீங்கதான் போட்டீகளா?"

"இல்லம்மா. இந்தக் காயிதத்துல அது ஒண்ணுதான் அவர் சொன்னது."

அவள் முகம் இன்னும் கறுத்துவிட்டது. "அப்பம் சாவப்போறப்ப சொல்லிருக்காக" என்றாள்.

இனி வாயால் ஆகாது என்று தெரிந்தது. மூவரும் தபாலாபீசுக்குப் போனோம். டெலிபோன் கிளார்க் பிச்சையா அண்ணாச்சி எனக்குத் தெரிந்தவர். விஷயத்தைச் சொன்னேன். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு டிரங்கால் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் டிரங்கால் போடுவதும் மழைக்கு வேண்டிக்கொள்வதும் ஒன்றுதான். இங்கிருந்து திருநெல்வேலியைப் பிடிக்க வேண்டும், அவர்கள் மதுரையைப் பிடிக்க வேண்டும், அப்புறம் பெங்களூர். நடுவில் ஒருவர் டீ குடிக்கப் போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானம் தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு வாங்காமல் நின்றார்கள். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய கடிதத்தை வாங்க வந்த ஒரு பாய், "அல்லா காப்பாத்துவான் தாயி" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சியில் இடம் பிடித்தார். அண்ணாச்சி எதிர்க் கடையில் இட்லி வாங்கி வரச் செய்து அவள் முன்னால் வைத்தார். அவள் பொட்டலத்தைத் தொடவில்லை.

வெயில் சாயும் நேரம் மணி அடித்தது. அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தினார்: "லைன்ல இருங்க! நீங்க செத்துட்டதா ஒங்க சம்சாரம் நம்பிக்கிட்டு இருக்கு! லைன்ல இருங்க! யம்மா, ஓடியா!"

அவள் ரிசீவரைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எங்கள் எல்லோருக்குமே கேட்டது.

"ஏட்டி! கேக்குதா? நான் செத்துப்போயிட்டேன்னு எவன் சொன்னான் ஒனக்கு? ஒங்க அண்ணன் அந்தச் சைக்கிளக் கொண்டாந்து விட்டானா இல்லியா?"

அவள் அண்ணன் துள்ளி எழுந்தான். "மாப்ளதான்! சத்தியமா மாப்ளதான்!" என்று கூவிவிட்டு, சைக்கிளை நினைத்து உடனே உட்கார்ந்துவிட்டான். தபாலாபீஸ் முழுக்கச் சிரித்தது. பாய் என் முதுகில் தட்டினார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"காயிதத்துல நான் சாப்பிட்டனான்னு கேட்டது நீங்களா, இந்த ஐயாவா?"

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. அறுந்துவிட்டதோ என்று அண்ணாச்சி எழுந்தார். அப்புறம் குரல் வந்தது. இறங்கிய குரல். பக்கத்தில் நின்ற எனக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும் கேட்டது.

"நாந்தான். ஏன், கேக்கக் கூடாதா?"

"இதுக்கு முன்னால கேட்டதில்லல்லா."

"ஆமா. அங்கன அடிபட்டுக் கெடக்கும்போதுதான் தோணுச்சு. கேக்காமலே போயிருவமோன்னு." மறுபடியும் இரைச்சல். "இப்பம் கேக்கேன்லா. சொல்லு. சாப்பிட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது. நேரம் முடிந்து லைன் போய்விட்டது. அண்ணாச்சி திருநெல்வேலியைக் கூப்பிட்டார், கெஞ்சினார், வைதார். இனி நாளைக்குத்தான் என்றார்கள்.

வெள்ளத்தாய் ரிசீவரை அதன் இடத்தில் மெதுவாக வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே இட்லிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். ஆறிப்போன இட்லி, கெட்டுப்போகப் பார்க்கும் சட்னி. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவள் அண்ணன் ஓடிப்போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தான், அதையும் சாப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று, முதல்முறையாக ஒரு மனுஷி சாப்பிடுவதைப் பார்ப்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் அழுகை வந்தது. ஆபீசர் அழக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, நான் பிறகு தேடிப் பார்த்தேன்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கினாள். என்னிடம் நீட்டினாள்.

"எழுதுங்கய்யா. சாப்பிட்டேன்."

எழுதினேன். "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? கேட்டாக, சொல்லுதேன்."

நீலத் தாள் மேலிருந்து கீழ்வரை காலியாகக் கிடந்தது. கைபேசிக்காரர்களுக்கு அந்த வேதனை புரியாது. இட்லியைச் சேர்க்கலாம், படியைச் சேர்க்கலாம், அந்தக் கண்ணீரை வைத்தே அரைப் பக்கம் ஓட்டலாம். பேனா முனை தாளுக்கு மேலே நின்று துடித்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடினேன்.

அப்படியும் அவள் என்னை நம்பவில்லை. தாளைப் பிடுங்கி அண்ணாச்சியிடம் கொடுத்தாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிங்க" என்றாள்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சாப்பிட்டேன்" என்று வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "அம்புட்டுதாம்மா இருக்கு."

"ஆமா. இது நான் சொன்னது" என்றாள் வெள்ளத்தாய். தாளை வாங்கி மடித்து, ஓரத்தை நாக்கால் நனைத்துத் தன் கையாலேயே ஒட்டினாள்.